சொல்லி அனுப்பியது

அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவனைப் பற்றி இன்னொருவனுக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. பெரியவன் எப்போது குளிக்கப் போகிறான், சின்னவனுக்கு எந்தக் கடைவாய்ப் பல் வலிக்கிறது, யாருக்கு இன்றைக்குச் சோறு இறங்கவில்லை, எல்லாம் அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். கொண்டுபோய்ச் சேர்ப்பவள் பெரியவனின் மனைவி.

வீட்டின் நடுவே ஒரு செங்கல் சுவர். பேச்சு நிற்பதற்கு முன்பு, தம்பிக்குக் கல்யாணம் ஆன புதிதில், இருவரும் சேர்ந்து நின்று எழுப்பியது. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பின்னால் அது வசதியாகப் போயிற்று. அடுப்பங்கரை மட்டும் பொது. அங்கே ஓரகத்திகள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ரொட்டி தட்டுவார்கள். சின்னவன் மனைவி வீட்டிலிருந்தே துணி தைப்பவள். வாய் சும்மா இருக்காது. இந்த வீட்டில் தபால்காரர் வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள், காக்கிச் சட்டை மட்டும்தான் இன்னும் கொடுக்கவில்லை, அளவு சொன்னால் நானே தைத்துத் தருகிறேன் என்று அக்காவைக் கிண்டல் செய்வாள்.

தபால்காரர் கடிதத்தைப் பிரித்துத் திருத்துவதில்லை. இவள் திருத்துவாள். பெரியவனுக்கு வாய் கரடு. நல்லதைச் சொன்னாலும் கல்லில் வைத்துத்தான் தருவான். "குளிக்கிற ரூமை அவன் பாட்டன் எழுதி வச்ச சொத்துன்னு நினைச்சானா, ஒரு மணி நேரமா உள்ளயே கிடக்கிறான், இழுத்து வெளிய போடு" என்பான். அவள் சுவரைச் சுற்றிப் போய், "தம்பி, அவருக்கு இன்னைக்கு நேரத்தோட போகணுமாம்" என்பாள். சின்னவனும் லேசுப்பட்டவன் இல்லை. அண்ணன் விடும் குறட்டையில் சுவர் விரிசல் விடுகிறது, சிமென்ட் வாங்கி வைக்கச் சொல்லுங்கள் அண்ணி என்பான். அவள் திரும்பி வந்து, ஒருக்களித்துப் படுத்தால் உங்கள் முதுகுவலிக்கு நல்லதாம் என்பாள். மீனில் முள் எடுத்துக் கொடுப்பதுபோல. முள்ளோடு சேர்ந்து கொஞ்சம் சதையும் போகும்தான். அதை யார் பார்க்கிறார்கள்.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு குழாய். அப்போது சின்னவன் அண்ணனின் வெல்டிங் கோஷ்டியில் இருந்தான். புதிய குழாயில் தண்ணீரை அழுத்தி விட்டுச் சோதித்தபோது பெரியவன் பற்றவைத்த இணைப்பு ஒன்று கசிந்தது. ஏன் என்று இன்ஜினியர் கேட்டார். பெரியவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சின்னவன், "வெல்டிங் ராடு நனைஞ்சிருந்துச்சு சார், நேத்தே சொன்னேன், அண்ணன் கேக்கல" என்று சொல்லிவிட்டான். உண்மைதான். ஆனால் கோஷ்டி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவன் அன்றைக்கு அவனைப் பார்ப்பதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் சின்னவன் வேறொரு காண்டிராக்டரின் டேங்க் கழுவும் கோஷ்டிக்குப் போனான். இப்போது அவனும் மேஸ்திரி.

வருடத்துக்கு ஒருமுறை பழுதுபார்ப்புக்காக, ஊரோரத்தில் பெயின்டில் கலக்கும் தின்னர் செய்யும் ஆலையை நிறுத்துவார்கள். ஆலை நின்றால்தான் ஊரில் பாதிப் பேருக்கு வேலை. சாரம் கட்டுகிறவர்கள், துருவைச் சுரண்டுகிறவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள் என்று வாசலில் திருவிழாக் கூட்டம்போல நிற்பார்கள். கைபேசி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனால் எல்லோரும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஒருவன் தலைக்கு மேல் இன்னொருவன் வேலை செய்வான். ஒருவன் கழற்றுவதை இன்னொருவன் தாண்டிப் போவான்.

அவளுக்கு அங்கே தீக்காவல். பயர்வாட்ச் என்பார்கள். வெல்டிங் நடக்கிற இடத்துக்குக் கீழே தீயணைப்பான், மணல் வாளி, ஈரச் சாக்கு இவற்றோடு உட்கார்ந்து பொறி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். நாள் முழுக்க ஒன்றும் நடக்காத இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் முடியாது. கண் சொருகிவிடும், இல்லை என்றால் மனம் எங்காவது போய்விடும். அவளுக்கு அது வந்தது. நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஆட்கள் அவளை வாட்ச்சக்கா என்று கூப்பிட்டார்கள். வெல்டிங் ஓடும்போது அவள் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது ஒரு விதி. ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம் என்பது இன்னொன்று.

விதிகளைச் சொல்லிக் கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி. எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் விசில் சார். காலையில், வேலைக்கு அனுமதி தரும் பர்மிட் அறைக்கு முன்னால் மேஸ்திரிகளை நிற்கவைத்துத் தினமும் ஒரே பேச்சைப் பேசுவார். வெல்டிங் தனியாக நடந்தால் அதில் ஒன்றும் இல்லை. டேங்கைத் திறப்பதும் தனியாக நடந்தால் ஒன்றும் இல்லை. இரண்டும் தனித்தனியாகப் பரம சாது. பக்கத்தில் பக்கத்தில் விட்டால்தான் எமன். எவன் வேலை முடிகிறதோ அவன் நேரில் போய் அடுத்தவன் முகத்தைப் பார்த்து முடிந்தது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து வந்து தன்னிடம் சொல்ல வேண்டும். கையைக் காட்டுவது, ஆள் விடுவது எல்லாம் ஆகாது.

அன்று காலை பெரியவனுக்கு டேங்க்குகளுக்குப் பக்கத்துக் குழாய்ப் பாதையில் வெல்டிங். சின்னவனுக்கு அங்கேயே கடைசி டேங்க்கின் மூடியைத் திறந்து அடியில் தங்கிய கசடை வழிக்க வேண்டும். முதலில் வெல்டிங், அது முடிந்த பிறகு டேங்க் என்று விசில் சார் பிரித்துக் கொடுத்தார். பேசிக்கொள்வீர்களா என்று கேட்டார். பெரியவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். சின்னவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"ஒரே வீட்டு ஆளுங்க. உங்களுக்கு நான் சொல்லவே வேணாம்" என்று விசில் சார் சிரித்தார். மற்ற கோஷ்டிகளிடம் இரண்டு முறை கேட்பவர், இவர்களிடம் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காற்றோடு வந்து, காற்றைக் கொண்டுபோய்விட்ட மழை. நின்ற பிறகும் வெல்டிங்குக்கு இடமில்லை. குழாயின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் கோணியை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். பெரியவன் சாரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் முதல் ராடைப் பற்றவைக்க முடிந்தது. அதற்கு முன்பு மேலே இருந்தபடியே மனைவியைக் கூப்பிட்டான். முகமூடி நெற்றியில் தூக்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கரி.

"அவன்கிட்ட போய்ச் சொல்லு. நான் கீழ இறங்கி வந்து என் வாயால சொல்ற வரைக்கும் அந்த மூடியில கை வைக்கக் கூடாது. வச்சான்னா கைய ஒடிச்சிருவேன். காத்தே இல்ல இன்னைக்கு. திறந்தா தின்னர் ஆவி எல்லாம் கீழயேதான் ஓடும். அந்த மாட்டுக்கு இது தெரியாது, எரிஞ்சு செத்தாத்தான் தெரியும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு ஜாயின்ட். சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும். நீ போய்ச் சொல்லிட்டு வா, அப்புறம் ஆரம்பிக்கிறேன்."

அவள் வாய்க்கால் ஓரமாகவே நடந்தாள். சிமென்ட் வாய்க்கால், மேலே இரும்புக் கம்பி மூடி. டேங்க்குகளின் காலடியில் தொடங்கி, அவள் உட்காரும் இடத்துக்குக் கீழாகப் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழியில் முடியும். மழைத் தண்ணீர் அடியில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டே சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கையை ஒடிப்பதை எடுத்துவிட்டாள். மாட்டை எடுத்துவிட்டாள். எரிந்து சாவதை எடுத்துவிட்டாள். வேலைக்குப் போகிற ஆளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது. மிச்சம் இருந்தது, என் வாயால் சொல்கிற வரைக்கும் என்பது. அங்கேதான் அவளுக்குக் கால் தயங்கியது. வருடக்கணக்கில் தம்பியிடம் வாயைத் திறக்காத மனுஷன், இன்றைக்கு இறங்கி வந்து சொல்லப் போகிறானா. அதைப் போய்ச் சொன்னால் சின்னவன் சிரிப்பான். அவர் வாயாலா, அப்படியானால் இந்த டேங்க்கை அடுத்த வருஷம்தான் திறக்க முடியும் அண்ணி என்பான். கோஷ்டி முழுவதும் சேர்ந்து சிரிக்கும். அது எப்படியும் பெரியவன் காதுக்குப் போகும்.

சின்னவன் டேங்க்கின் நிழலில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸில் இருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். என்ன அண்ணி, தபாலா என்றான்.

"ஆமா. அவர் இப்பத்தான் ஆரம்பிக்கிறார். நீ சாப்பாட்டுக்கு அப்புறம் திறந்துக்கலாமாம்."

"சரி அண்ணி. அதுவரைக்கும் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு வைக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. திரும்பி வரும்போது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

முதல் இணைப்பு ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் கோளாறு. எங்கேயோ குழாய்க்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீர், சூடு ஏறியதும் ஆவியாகி வெளியே வந்து, போட்ட உலோகத்தைப் பொக்குப் பொக்காக ஆக்கிவிட்டது. பெரியவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். போட்டதை எல்லாம் கிரைண்டரால் சுரண்டி எடுக்கச் சொன்னான். அந்தக் கசிவுக்குப் பிறகு அவன் சந்தேகத்தோடு ஓர் இணைப்பைக்கூட விட்டதில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. அவன் இறங்கவில்லை. கோஷ்டி ஆட்களைச் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டுத் தனியாக நின்று குழாயைக் காயவைத்துக்கொண்டிருந்தான். அவளும் போகவில்லை. டப்பாவைத் திறந்து ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் மடியில் வைத்துத் தின்றாள். பச்சை வெங்காயம் கண்ணைக் கரித்தது. வெயில் வந்துவிட்டது. ஈரத் தரையிலிருந்து ஆவி எழுந்தது. மதிலோரத்து மரத்தில் ஓர் இலை அசையவில்லை. காற்றின் திசை பார்க்க உயரத்தில் கட்டியிருந்த காற்றுத் துணி, செத்த கோழியின் கழுத்துபோலத் தொங்கியது.

சாப்பிட்டு முடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மறுபடி ராடு பற்றி, நீல வெளிச்சம் தூண்களில் அடித்தது. பொறிகள் விழுந்து சாக்கில் சுருங்கி அணைந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தான் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொன்னோம். சாப்பாடு முடிந்துவிட்டது.

சின்னவன் இங்கே வந்து பார்க்காமல் திறக்கமாட்டான் என்று நினைத்தாள். வெளிச்சம் தெரியுமே. தெரியாது, நடுவில் இரண்டு டேங்க் மறைக்கிறது. சத்தம் கேட்குமே. ஜெனரேட்டர் சத்தத்தில் எந்த வேலை நடக்கிறது, எது நின்றது என்று யார் கண்டது. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றால் வெல்டிங் ஓடும்போது இந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. வெல்டிங்கை நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தச் சொன்னால், ஏன் என்று மேலே இருப்பவன் கேட்பான். நான்தான் இறங்கி வந்து சொல்கிறவரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினேனே என்பான். அதற்கு என்ன பதில் சொல்வாள். இன்றைக்கு ஒரு வார்த்தையை மாற்றினேன் என்றால், நேற்று மாற்றியது என்ன என்று கேட்கமாட்டானா.

இந்த ராடோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ராடு முடிந்தது. அவன் கட்டையை டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகினான். சரி, இதோடு முடிந்துவிடும். வாய்க்கால் மேல் விரித்திருந்த சாக்கின் ஓரம் வெயிலில் காய்ந்து சுருண்டு, கம்பி மூடியின் ஒரு கைப்பிடி அகலம் வெளியே தெரிந்தது. குனிந்து இழுத்துவிட்டாள். தண்ணீர் தெளித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எத்தனையோ வேலையை ஒன்றும் ஆகாமல் பார்த்து முடித்திருக்கிறாள். ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்த வேலையில் அவள் தினமும் கண்டது.

அப்போது சின்னவனின் சட்டை ஞாபகம் வந்தது. வேலையிலிருந்து வந்ததும் கழற்றி, பின்வாசல் கொடியில் போடும் சட்டை. ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஓரகத்தி அதைத் துவைக்காமல் எத்தனை நாள் போட்டுவைக்கிறாள் என்றுகூட எண்ணம் ஓடியது. மூக்கு கண்டுகொண்டதை மனம் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அந்தச் சட்டையில் எப்போதும் இருக்கும் தின்னரின் வாசனை, பழுத்து அழுகப் போகிற பழத்தின் இனிப்பு வாசனை. அது வீட்டுக் கொடியிலிருந்து வரவில்லை. அவள் காலுக்குக் கீழிருந்து வந்தது.

கத்தினாள். ஜெனரேட்டர் அதைத் தின்றுவிட்டது. மேலே அவன் முகமூடிக்குள் இருந்தான். பொறி ஒன்று சாக்கைத் தாண்டி விழுந்து ஈரச் சிமென்ட்டில் உருண்டு அணைந்ததைப் பார்த்தாள். பிறகு எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை. வெல்டிங் மெஷினின் பிடியை இரண்டு கையாலும் இழுத்து நிறுத்தினாள். ஜெனரேட்டரையும் நிறுத்தினாள்.

ஆலையின் அந்த மூலை முழுவதும் சட்டென்று ஊமையாயிற்று.

பெரியவன் முகமூடியைத் தூக்கினான். எவன்டா அவன் மெஷினை, என்று ஆரம்பித்தவன் மெஷின் பக்கத்தில் அவளைக் கண்டு நிறுத்தினான். அவன் கையில் ராடு செருகும் பிடியும், அதில் ராடின் மிச்சக் கட்டையும் இருந்தன. நுனி சிவப்பாகக் கனன்றது. அதை உதறப் போனான்.

"போடாதீங்க. கையிலயே வச்சிருங்க."

அவள் குரல் பெரிதாக வரவில்லை. அந்த அமைதியில் அது போதுமாக இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் பார்த்த இடத்தை, கம்பி மூடியைப் பார்த்தான். அவனுக்கும் வாசனை வந்திருக்க வேண்டும். மூக்கு விரிந்தது. கையை அசைக்காமல் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். கோஷ்டி ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். எல்லோரும் அந்தச் சிவப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சிவப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து சாம்பலாகி, கறுப்பாவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

வாயு மீட்டரோடு விசில் சார் ஓடி வந்தார். வாய்க்காலுக்கு அருகில் தாழ்த்தியதும் மீட்டர் அலறியது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார், நின்றது. தாழ்த்தினார், அலறியது. விசிலை வாயில் வைத்து ஊதினார். நாலாபக்கமும் வேலை நின்றது. டேங்க்கைப் போய் மூடச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒருவரும் எதையும் தரையில் போடாமல், இழுக்காமல், மதில் பக்கம் நடந்து போகச் சொன்னார். நடந்து என்று இரண்டு முறை சொன்னார்.

மதிலோரத்தில் சின்னவனும் வந்து சேர்ந்தான். பூட்ஸ் முழங்கால்வரை கசடு. சாப்பாடு முடிந்த கையோடு மூடியைத் திறந்துவிட்டதாகச் சொன்னான். அண்ணன் தோளில் வெல்டிங் கையுறை தொங்குவதை அப்போதுதான் கவனித்தான். அது வேலையில் இருந்து அப்படியே வந்த கோலம் என்பது அவனுக்குத் தெரியும்.

விசில் சார் அவனைத்தான் முதலில் கேட்டார். யார் திறக்கச் சொன்னது.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். ஒரு நொடிதான். அந்த நொடியில் அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான் என்பதை அவள் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் திறந்தேன்."

"நான் சொல்லி அனுப்பினேன், திறக்கக் கூடாதுன்னு" என்றான் பெரியவன். யாரிடம் அனுப்பினாய் என்று கேட்டார் விசில் சார். பெரியவன் அவள் பக்கம் திரும்பி, சொன்னாயா என்று கேட்டான். அவள் வாய் திறப்பதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்.

"அண்ணி சொன்னாங்க சார். நான்தான் காதுல வாங்கல."

அனுமதி இல்லாமல் மூடியைத் திறந்த மேஸ்திரிக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இந்த வாசல் மட்டும் இல்லை, இந்த வட்டாரத்தில் எந்த ஆலையின் வாசலும் அவனுக்குத் திறக்காது. அவன் கோஷ்டி கலைந்து போகும். விசில் சார் கையை நீட்டிவிட்டார். சின்னவன் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றத் தொடங்கினான். பெரியவன் தடுக்கவில்லை. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழகிய முகமாக இருந்திருக்கும். இல்லை. இவன் இப்படித்தான் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டவனின் அசதிதான் இருந்தது.

சும்மா நின்றால் போதும். இதுவும் கடந்துபோய்விடும். அவளுக்குச் சும்மா இருக்க நன்றாகத் தெரியும்.

"இல்ல சார்" என்றாள். "தம்பி பொய் சொல்றான். நான் மாத்திச் சொல்லிட்டேன்."

பெரியவன் மெதுவாகத் திரும்பினான்.

"இவர் சொன்னது வேற. நான் கீழ இறங்கி வந்து என் வாயால சொல்ற வரைக்கும் மூடியில கை வைக்கக் கூடாது, வச்சா கைய ஒடிச்சிருவேன்னாரு. காத்து இல்ல, தின்னர் ஆவி எல்லாம் கீழயேதான் ஓடும், அந்த மாட்டுக்குத் தெரியாது, எரிஞ்சு செத்தாத்தான் தெரியும்னாரு. நான் போய், சாப்பாட்டுக்கு அப்புறம் திறந்துக்கலாமாம்னு சொன்னேன்."

மனப்பாடப் பாட்டை ஒப்பிப்பதுபோல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள். மாடு என்ற இடத்தில் யாரோ ஒருவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். சின்னவன் கையில் அடையாள அட்டை பாதி கழன்று நின்றது. அண்ணன் வாயிலிருந்து வந்ததை அவன் வருடக்கணக்கில் முதல்முறையாக அப்படியே கேட்கிறான். மாட்டையும் கையொடிப்பதையும் அவன் கேட்டதாகத் தெரியவில்லை. "காத்து இல்லன்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் மதிலுக்கு மேலே தொங்கிய காற்றுத் துணியை அண்ணாந்து பார்த்தான்.

விசில் சார் மீட்டரை அணைத்தார். ஒரே வீடு என்று நானும் விட்டுவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மூன்று பேருடைய அட்டையையும் வாங்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் காலையில் வந்து மேலதிகாரியைப் பார்க்க வேண்டும். மேஸ்திரிகள் நேரில் பேசாதது அவர்கள் குற்றம், வேலை இருக்குமா போகுமா என்று அங்கே தெரியும். வாட்ச்சக்கா இனிமேல் வர வேண்டாம். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினாய் அம்மா, அதை எழுதுகிறேன், ஆனாலும் வர வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு மூன்று பேரும் ஒரே பாதையில் நடந்தார்கள். பெரியவன் முன்னால், அவள் நடுவில், சின்னவன் பின்னால். வழியில் தேநீர்க் கடையில் யாரோ கூப்பிட்டு, இன்றைக்கு என்ன மேஸ்திரி சீக்கிரமே என்றார்கள். யாரும் நிற்கவில்லை. மழையில் நனைந்த தெரு வெயிலில் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

பெரியவன் முன்னறைக்குப் போகாமல் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தான். சின்னவன் பின்வாசலில் கால் கழுவிவிட்டு வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்த இடத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று. தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த ஓரகத்தி இவர்கள் முகங்களைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் அடுப்பை அணைத்தாள். நடந்ததைச் சின்னவன் இரண்டு வரியில் அவளிடம் சொன்னான்.

பெரியவன் மனைவியைப் பார்த்தான்.

"இன்னைக்கு மட்டும்தானா?"

சுவரில் பல்லி ஒன்று ஓடி நின்றது. அவன் காத்திருந்தான். இவ்வளவு நேரம் அவன் எதற்கும் காத்திருந்து அவள் கண்டதில்லை.

"அப்ப, இத்தனை வருஷமும்" என்றான்.

"ஆமா."

"சொல்லு. நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்ன. அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்ன. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."

சின்னவனும், ஆமாம் அண்ணி, சொல்லுங்கள் என்றான். அவன் குரலில் கடுமை இல்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. "வாய் இருக்கிற ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொம்பளையைக் குழாயா வச்சுப் பேசிட்டு, இப்ப குழாய் ஒழுகுதுன்னு பஞ்சாயத்தா" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அது யாருக்கு என்று பெரியவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் மனைவியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது, அதுதான் தொல்லை. நாள் முழுக்க ஒரே இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள், அந்த நேரத்தை எல்லாம் இவற்றைப் புரட்டிக்கொண்டுதான் கழித்திருக்கிறாள். முற்றத்தில் யாருடைய குடமோ நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

"அந்தக் குழாய் கசிஞ்ச அன்னைக்கு ராத்திரி" என்று ஆரம்பித்தாள். "நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தீங்க. அப்புறம் சொன்னீங்க. அந்த நாயை நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லு. எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டான். ஆனா சொன்னது நிஜம். இனிமே ராடை அவனே பார்த்து எடுத்துக் குடுக்கட்டும், வேற எவன் கையையும் நான் நம்ப மாட்டேன்னீங்க."

பெரியவன் அசையவில்லை.

"எனக்கு அந்த நாய்ங்கிறதுதான் பயமா இருந்துச்சு. அதோட சேர்த்து மானம், நிஜம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். தம்பிகிட்ட போய், வேணும்னா நாளைக்கு வேலைக்கு வரலாமாம்னு சொன்னேன்."

அணைத்த அடுப்பு சூடு இறங்கும்போது டக்கென்று ஒருமுறை சத்தமிட்டது.

பெரியவன் தலையைத் திருப்பினான். தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"'வேணும்னா'ன்னா சொன்னா?"

"ஆமாண்ணே. 'வேணும்னா'ன்னுதான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு தடவை நீங்க வந்து கூப்பிட்டா வரேன்னேன்."

"அப்படி எதுவும் எங்கிட்ட வரல."

"எங்கிட்ட வந்ததும் நீங்க சொன்னது இல்லண்ணே."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். இருவருக்கும் ஒரே தாடை, ஒரே புருவம். இதை இத்தனை நாள் சுவர் மறைத்திருந்தது. அவள் இதற்காகத்தான் வருடக்கணக்கில் நடையாய் நடந்தாள், இவர்கள் ஒருநாள் இப்படி முகம் பார்த்து உட்கார வேண்டும் என்று. ஓரகத்தி நெருங்கி வந்து அவள் தோளை ஒட்டி நின்றாள்.

பிறகு அவர்கள் இருவரும் ஒன்றாக அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்தது" என்றான் பெரியவன்.